பட்டமும் உண்டு, வேலையும் உண்டு. இழை அறுந்தது எங்கே?

பாலராமபுரத்து நெசவுத் தெருக்களில் குழித்தறியின் ஓசை இன்றும் அடங்கிவிடவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்தப்பட்ட சாலியர்களின் வழிவந்தோர் இங்கே வாழ்கிறார்கள். அந்நாளில் ஆள் எடுத்தவர்கள் சர்டிபிகேட்டா கேட்டார்கள்? நெய்த துணியைத்தானே பார்த்திருப்பார்கள்!

இன்று இதே வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் என்ஜினீயரிங் படித்த பிள்ளைகள் பலர். நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் ரயில் ஏறி, வேலை தேடித் திருவனந்தபுரம் போகிறார்கள். கழக்கூட்டத்தில் 1990-ல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் இருக்கிறது. 1973 முதல் கெல்ட்ரான் இருக்கிறது. "தகுதியான எம்பெடட் என்ஜினீயர் கிடைக்கவில்லை" என்று ஆள் எடுப்பவர்கள் சொல்கிறார்கள். "வேலை கிடைக்கவில்லை" என்று பையன் வீடு திரும்புகிறான். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

ஃபர்ம்வேர் என்பது என்ன?

மின்சார மீட்டர், வாஷிங் மெஷின், பஸ்சில் டிக்கெட் அடிக்கும் கருவி – இவை ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு சிறு கம்ப்யூட்டர் பதிந்திருக்கிறது. அதை இயக்க, சிப்பிலேயே நிலையாக எழுதி வைக்கப்படும் புரோகிராம்தான் ஃபர்ம்வேர். மேஜைக் கம்ப்யூட்டர் தகராறு செய்தால் அணைத்துப் போடலாம். ஓடும் கருவியில் அது நடக்காது.

1996 ஜூன் 4-ந் தேதி பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய ஏரியன்-5 ராக்கெட் ஒரு நிமிஷம்கூடப் பறக்கவில்லை, வெடித்துச் சிதறியது. பழைய ஏரியன்-4 ராக்கெட்டுக்கு எழுதிய புரோகிராம் பகுதியை இதிலும் வைத்திருந்தார்கள். 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் திணித்தபோது அது கொள்ளவில்லை. அதன் விளைவு இது. படி அளவு பார்க்காமல் மரக்கால் நெல்லைக் கொட்டிய கதைதான்!

இன்டர்வியூவில் என்ன கேட்கிறார்கள்?

"ஒரு பித்தானை ஒரு தடவை அழுத்தினால், பத்துத் தடவை அழுத்தியதாகக் கருவி எண்ணுகிறது. ஏன்?" இது வழக்கமான கேள்வி. புத்தகம் மட்டும் படித்தவர் புரோகிராமில் பிழை தேடுவார். கருவியைத் தொட்டுப் பழகியவர், "உள்ளே உலோகத் தகடுகள் தொடும்போது சில மில்லி செகண்டு துள்ளும், அது அடங்கும்வரை புரோகிராம் காத்திருக்க வேண்டும்" என்பார். வேலை இரண்டாமவருக்கே.

சி மொழி, சர்க்யூட் படம் வாசித்தல், ஆசிலாஸ்கோப்பில் அலையைப் பார்த்தல், புரோகிராம் நின்றுபோனால் தானே மறுபடி தொடங்கவைக்கும் வாட்ச்டாக் – இவைதான் அடிப்படை. கல்லூரி லேபில் நாலு பேர் சூழ்ந்து நிற்க, ஒருவர் மட்டும் போர்டைத் தொட்டால் இவை கைவருமா? இழை அறுந்த இடம் இதுதான்.

வழி உண்டு

ஒரு சிறு போர்டும், ஒரு மல்டிமீட்டரும், ஆறு மாத உழைப்பும் இருந்தால் வீட்டிலேயே தொடங்கலாம். வெப்பம் அளக்கும் கருவி ஒன்றைத் தானே செய்து, அதில் வந்த பிழைகளையும் திருத்திய விதத்தையும் நோட்டில் எழுதி வைத்திருப்பவர், இன்டர்வியூவில் வெறும் கையோடு போய் உட்கார மாட்டார். முறையாகப் படிக்க விரும்பும் பட்டதாரிகளுக்கு, சி-டாக் நிறுவனத்தின் எம்பெடட் சிஸ்டம் டிசைன் முதுநிலை டிப்ளமோ உண்டு. சுமார் ஆறு மாதப் படிப்பு; சி-கேட் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். இதே சி-டாக்கின் திருவனந்தபுரம் நிலையம்தான் 'வேகா' என்ற நுண்செயலி வரிசையை உருவாக்கியது என்பது குறிப்பிடத்தக்கது. நம் வீட்டுப் பக்கத்திலேயே சிப் பிறக்கிறது!

ஆள் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே ஒரு குறிப்பிட்ட சிப்பில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்று கேட்டால் ஆள் எங்கிருந்து வருவார்? ஒரு சிப்பை நன்றாக அறிந்தவர், அடுத்ததைக் கையேடு பார்த்துக் கற்றுக்கொள்வார். ஆங்கிலம் தடுமாறுகிறது என்று தமிழ் வழி மாணவனைத் தள்ளிவிடாமல், பழுதான போர்டு ஒன்றைக் கையில் கொடுத்து ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அவன் தேடும் முறையே தகுதியைச் சொல்லிவிடும்.

பெற்றோர்களே! "ஐம்பதாயிரம் கட்டுங்கள், வேலை நிச்சயம்" என்று வரும் ஏஜெண்டை நம்பாதீர்கள். வேலை கொடுப்பவர் சம்பளம் தருவார், பணம் கேட்கமாட்டார். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசை அவரிடம் கொடுப்பதற்கு முன், பிள்ளையின் மேஜையில் ஒரு போர்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், முதல் செலவு அதற்காக இருக்கட்டும்.