விரல் நுனியில் ஒரு துளி

தொழிற்சாலை வாசலில் மருத்துவ முகாம் நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். விரலில் சுருக்கென்று ஒரு குத்து. உள்ளங்கை அளவுப் பெட்டி ஒரு நிமிஷத்துக்குள் '11.4' என்று காட்டிவிடும். அந்த எண் எப்படி வருகிறது?

முன்பெல்லாம் 'சாலி' முறைதான். ரத்தத்தில் அமிலம் கலந்தால் பழுப்பாக மாறும். பக்கத்துக் குழாயின் நிறத்துக்கு வரும்வரை தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கண்ணால் ஒப்பிட வேண்டும். ஆளுக்கு ஆள் விடை மாறும்.

1980-களில் ஸ்வீடனிலிருந்து வந்த 'ஹீமோக்யூ' கருவி, கண்ணின் வேலையை ஒளியிடம் ஒப்படைத்தது. அதன் சிறு பிளாஸ்டிக் தகடு 10 மைக்ரோலிட்டர் ரத்தத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அதாவது ஒரு லிட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. தகட்டின் உள்ளே பூசியுள்ள மருந்து சிவப்பணுக்களை உடைத்து, வெளிவரும் ஹீமோகுளோபினை நிலையான நிறமுள்ள பொருளாக மாற்றுகிறது. அதன் ஊடே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு தடைபடுகிறது என்று கருவி அளக்கிறது. ரத்தம் கலங்கலாக இருந்தால் கணக்குத் தவறாதபடி, வேறொரு அலைநீளத்திலும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறது.

இந்தக் கருவி அணுக்களை எண்ணுவதில்லை என்பதைப் பலர் அறியார். எண்ணுவது வேறு வித்தை. அமெரிக்கரான வாலஸ் கூல்ட்டர் 1953-ல் காப்புரிமை பெற்ற முறையில், மின்சாரம் ஓடும் உப்பு நீரில் ஒரு நுண்துளை இருக்கும். அணு ஒன்று அதைக் கடக்கும்போதெல்லாம் மின்தடை ஒரு கணம் கூடும். அந்தத் துடிப்புகளை எண்ணினால் போதும். வெள்ளையணுவை எண்ணும் கையடக்கக் கருவியோ சாயமேற்றிப் படமெடுத்து எண்ணுகிறது.

கருவி எவ்வளவு நுட்பமானாலும் கெடுப்பது நம் கைதான். ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு மாறிவிடும். முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். தகட்டில் காற்றுக்குமிழி இருந்தால் அதைத் தள்ளிவிட்டுப் புதியது எடுக்க வேண்டும். முகாமில் வரிசை நீளும்போது இதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. அதுவும் விரல் ரத்தத்தில் பார்த்த கணக்கே. நாளத்திலிருந்து எடுத்துச் சோதித்தால் இத்தனை வருமா என்று ஆராய்ச்சியாளர்கள் வாதிட்டனர்.

ஆண்களுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால்தான் ரத்தசோகை. முகாமில் எண் குறைந்தால் உடனே டானிக் பாட்டில் வாங்கவேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் நாளத்து ரத்தம் கொடுத்து இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.