பீபி முதல் விட்மர் வரை: மிச்சிகன் வாக்குச்சீட்டில் கருக்கலைப்பு

1969-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில செனட்டில் இருந்த ஒரே பெண் உறுப்பினர் லொரேய்ன் பீபி. குடியரசுக் கட்சிக்காரர். கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்துவது பற்றி அவையில் பேச்சு வந்தபோது அவர் எழுந்து, மருத்துவக் காரணத்துக்காகத் தானும் கருக்கலைப்பு செய்துகொண்டவர் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார்.

2013 டிசம்பரில் அதே செனட்டில் இன்னொரு பெண் எழுந்தார். செனட்டில் ஜனநாயகக் கட்சிக் குழுவின் தலைவர் கிரெட்சன் விட்மர். வன்புணர்வால் உண்டான கர்ப்பமாக இருந்தாலும் கருக்கலைப்புக்குக் காப்பீடு வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டி முன்கூட்டியே வாங்க வேண்டும் என்பது அன்றைய மசோதா. எழுதிவைத்திருந்த உரையை ஒதுக்கிவிட்டு, 20-க்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைச் சொன்னார். மசோதா நிறைவேறியது. ஆனால் விட்மர் தோற்கவில்லை. 2018 தேர்தலில் வென்று ஆளுநர் ஆனார்.

பீபி வீழ்ந்ததற்கும் விட்மர் உயர்ந்ததற்கும் நடுவில் மிச்சிகனின் அரசியலே இடம் மாறிவிட்டது.

1972 நவம்பரில் மிச்சிகன் மக்களிடம் ஒரு கேள்வி நேரடியாக வைக்கப்பட்டது. 20 வாரம் வரையிலான கர்ப்பத்தை மருத்துவர் கலைக்க அனுமதிக்கலாமா? தொடக்கத்தில் கருத்துக்கணிப்புகள் ஆதரவாகவே இருந்தன. பிறகு கத்தோலிக்கத் தேவாலயங்களும் எதிர்ப்பு அமைப்புகளும் சிசுவின் படம் போட்ட துண்டறிக்கைகளோடு இறங்கின. முடிவில் 61 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். கேள்வியை ஆதரித்த ஆளுநர் வில்லியம் மில்லிகன் குடியரசுக் கட்சிக்காரர். எதிர்த்து வாக்களித்த டெட்ராய்ட் வட்டாரத்துக் கத்தோலிக்கத் தொழிலாளர்கள் பலர் தலைமுறை தலைமுறையாக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அன்று மக்கள் இந்த விஷயத்தில் கட்சிவாரியாகப் பிரியவில்லை, தேவாலயவாரியாகப் பிரிந்தார்கள். அதனால்தான் அவ்வளவு பெரிய தோல்வி எந்தக் கட்சிக்கும் சட்டமன்றத்தில் லாபமாக மாறவில்லை. இரண்டு கட்சியிலும் இரண்டு பக்கத்தவரும் இருந்தால் யாருக்கு வாக்களித்து யாரைத் தண்டிப்பது?

இரண்டே மாதத்தில், 1973 ஜனவரியில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ரோ எதிர் வேட் தீர்ப்பு கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கி, கேள்வியை மாநிலங்களின் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. 1931-ல் எழுதப்பட்ட மிச்சிகன் தடைச் சட்டம் ரத்தாகாமலே செயலற்றுக் கிடந்தது. ஆனால் எதிர்ப்பாளர்கள் ஓயவில்லை. மிச்சிகன் அரசியல் சாசனத்தில் ஒரு வழி உண்டு: போதிய வாக்காளர் கையெழுத்தோடு ஒரு சட்ட வரைவைக் கொண்டுவந்தால், சட்டமன்றமே அதை நிறைவேற்றலாம், ஆளுநரின் வீட்டோ செல்லாது. 2013 காப்பீட்டுச் சட்டம் அந்த வழியில் வந்ததுதான். அதே கருத்துள்ள மசோதாவைக் குடியரசுக் கட்சி ஆளுநரே முந்தைய ஆண்டு வீட்டோ செய்திருந்தார். இந்தப் பல பத்தாண்டுகளில் இரண்டு கட்சிகளும் உள்ளுக்குள் வடிகட்டப்பட்டன. பீபிக்கும் மில்லிகனுக்கும் அவர்கள் கட்சியில் இடமில்லாமல் போனது.

2022 ஜூன் 24 அன்று ரோ தீர்ப்பு கவிழ்ந்தது. 1931 சட்டம் மறுபடி உயிர்பெறுமோ என்ற பயம் மாநிலம் முழுக்கப் பரவியது. கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சாசனத்தில் சேர்க்கக் கோரி 7.5 லட்சம் கையெழுத்துகள் குவிந்தன. மனுவில் சில சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை என்ற வாதத்தில் சரிபார்ப்பு வாரியம் 2-க்கு 2 என்று முட்டி நின்றது. மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் மூன்றாம் எண் முன்மொழிவு வாக்குச்சீட்டில் ஏறியது.

நவம்பரில் அது 56.7 சதவீதத்தோடு வென்றது. அதே நாளில் விட்மர் 54.5 சதவீதம் பெற்று மறுபடி ஆளுநரானார். இரண்டு எண்களும் எவ்வளவு பக்கத்தில் நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். பிரதிநிதிகள் அவையில் ஜனநாயகக் கட்சி 56-54, செனட்டில் 20-18. இரண்டு அவையும் ஆளுநர் பதவியும் ஒருசேர அக்கட்சியின் கைக்கு வந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த வெற்றியை முன்மொழிவுக்கே முழுதாக எழுதிவைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2018-ல் மக்கள் இன்னொரு வாக்கெடுப்பில் தொகுதி எல்லை வரையும் அதிகாரத்தைச் சட்டமன்றத்திடமிருந்து பிடுங்கி 13 குடிமக்கள் கொண்ட ஆணையத்திடம் கொடுத்தார்கள். அதே 2018-ல் பழைய எல்லைகளின்படி ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் அவைக்கு அதிக வாக்கு வாங்கியும் 52 இடமே பெற்றது. புதிய எல்லைகளில் நடந்த முதல் தேர்தல் 2022. மக்களை வாக்குச்சாவடிக்கு இழுத்து வந்தது கருக்கலைப்புக் கேள்வி. அந்த வாக்கு இடங்களாக விளைந்தது புதிய எல்லைகளால்.

2024-ல் கதை வேறு. பல மாநிலங்களில் கேள்வி வென்றது, கேள்வியைச் சுமந்த கட்சி தோற்றது. அரிசோனாவில் உரிமைக்கு 61.6 சதவீதம், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸுக்கு 46.7. மிசூரியில் 51.6-க்கு எதிரே 40.1. அரிசோனா சட்டமன்றத்தைப் பிடித்துவிடலாம் என்று ஜனநாயகக் கட்சியினர் கனவு கண்டார்கள். அங்கே குடியரசுக் கட்சியின் இடங்கள் கூடின. விஷயத்தை மாநிலங்களே தீர்க்கட்டும் என்று டிரம்ப் சொன்னது வாக்காளருக்கு வசதியான விடுதலை கொடுத்தது. உரிமையைத் தனிக் கட்டத்தில் பாதுகாத்துவிட்ட மனநிம்மதியோடு, விலைவாசிக்காகக் குடியரசுக் கட்சிக்கே மற்றக் கட்டங்களை நிரப்பினார்கள். மிச்சிகனில் அந்த ஆண்டு இப்படியொரு கேள்வியே இல்லை. பிரதிநிதிகள் அவை 58-52 என்று குடியரசுக் கட்சியிடம் திரும்பியது.

அந்த நிம்மதிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. சாசனத்தில் ஒரு வரி சேர்வதோடு வேலை முடிவதில்லை. மிச்சிகனின் அந்த மெல்லிய பெரும்பான்மை 2023-ல் 1931 சட்டத்தை ரத்து செய்தது. ஆண்டு முடிவதற்குள் 2013 காப்பீட்டுச் சட்டமும் போனது. பத்தாண்டுக்கு முன் அதை எதிர்த்துப் பேசிய விட்மரே கையெழுத்திட்டார். ஆனால் சிகிச்சைக்கு முன் 24 மணிநேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதியையும், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டில் கருக்கலைப்புக்குப் பணம் தரக்கூடாது என்ற தடையையும் அன்று நீக்க முடியவில்லை. டெட்ராய்ட்டின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் கேரன் விட்செட் ஒருவர் மறுத்தார். 56-54 அவையில் அந்த ஒரு வாக்கு போதும். 2022 முன்மொழிவுக்கு ஆதரவாக விழுந்த 24 லட்சத்து 80 ஆயிரம் வாக்குகளால் அதை ஈடுகட்ட இயலவில்லை.

மிசூரியில் நடந்தது இதைவிடக் கடுமை. உரிமையை வாக்களித்துப் பெற்ற அதே நாளில் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அதை எதிர்க்கும் கட்சிக்கே மக்கள் கொடுத்தார்கள். 2025 மே மாதம் அந்தச் சட்டமன்றம் உரிமையை நீக்கும் புதிய கேள்வி ஒன்றைத் தயாரித்து, 2026 வாக்குச்சீட்டில் வைக்கத் தீர்மானம் நிறைவேற்றியது.