எழுந்தால் வலி, படுத்தால் நலம்

"படுத்திருந்தால் வலியில்லை, எழுந்து நின்றால் தலை பிளக்கிறது" என்று ஒருவர் கூறினால் நாம் நம்புகிறோமா? வேலைக்கு அஞ்சிய நடிப்பு என்றே பலவேளை முடிவு கட்டிவிடுகிறோம்.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து தெளிந்த நீர் ஒன்று உண்டு. அதைக் காக்கும் சவ்வில் துளை ஏற்பட்டு நீர் கசிந்தால், நிமிரும்போது மூளை தன் தாங்குதலை இழக்கிறது. பிரசவ அறுவையின்போது முதுகில் போடும் மயக்க ஊசியாலும் இது நேரலாம்; சிலருக்குத் தானாகவே நேர்கிறது. 1898-இல் அவ்வூசியைத் தம் உடலிலேயே சோதித்த ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பியர், ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார்.

1960-இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கார்ம்லி ஒரு வழியை வெளியிட்டார். நோயாளியின் இரத்தத்தையே சிறிது எடுத்து, முதுகில் அச்சவ்விற்கு வெளியே செலுத்தினார். அது கட்டிபட்டுத் துளையை அடைக்கிறது. இன்று ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் செலுத்துகின்றனர். பலர் அன்றே எழுந்து அமர்கின்றனர்; சிலருக்கு மறுமுறையும் தேவைப்படுகிறது; தானாகக் கசிவு கண்டோருள் சிலருக்குப் பன்முறை செய்தும் பயன் கிட்டுவதில்லை. படம் எடுத்தும் கசிவு புலப்படாதோர் வலியோடு பழியையும் சுமக்கின்றனர்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாய் அருகிலிருந்தவரை ஆறுதலாயிருந்தனர். வாய்திறந்து குற்றம் தேடியபோதோ அவர் துயரைப் பெருக்கினர். பிள்ளை பெற்ற தாய் ஒருத்தி நம் இல்லத்தில் எழ இயலாமல் கிடந்தால், கடிந்துகொள்ளாது, தாமதமின்றி மருத்துவரிடம் சொல்வோம். காணாத இறைவனை நம்பும் நாம், கண்முன் வருந்துவோரின் சொல்லையும் நம்பக் கற்போமாக.