‘மெமரி’ எவ்வளவு? கம்ப்யூட்டர் வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கங்க!

2010 ஜூனில் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்த ஊர் கோவை. அங்கே காந்திபுரம் பக்கம் கம்ப்யூட்டர் வாங்கப் போனாலும் நம்மைக் குழப்பும் ஒரு சொல் உண்டு. அதுதான் ‘மெமரி’.

“8 ஜிபி, 512 ஜிபி” என்கிறார் கடைக்காரர். இரண்டையும் மெமரி என்றே சொல்லிவிடுகிறோம். தமிழில் சொன்னால் குழப்பமில்லை. முதலாவது நினைவகம், அதாவது ரேம். இரண்டாவது சேமிப்பகம், அதாவது ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி.

ஜவுளிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சேலையை விரித்துக் காட்டும் மேசைதான் ரேம். பின்னால் இருக்கும் குடோன் சேமிப்பகம். சேலையை எடுத்துப் போடுகிறவர் சி.பி.யு. (மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டி சி.பி.யு. அல்ல, அது கேபினெட். சி.பி.யு. அதற்குள் இருக்கும் சிறு சில்லு.)

குடோன் எவ்வளவு பெரிதானாலும், மேசை சின்னதென்றால் வேலை இழுக்கும். கரண்ட் போனால் ரேமில் இருப்பது அழிந்துவிடும். அடிக்கடி ‘சேவ்’ செய்யச் சொல்வது அதனால்தான்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் ஸ்லோவா? உடனே புதிது வாங்க வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியைப் பாருங்கள்.

● ‘மெமரி’ எப்போதும் நிரம்பியே இருந்தால், ரேம் போதவில்லை.

● ‘டிஸ்க்’ 100 சதவிகிதத்திலேயே நின்று, அது ஹார்டு டிஸ்க்காகவும் இருந்தால், எஸ்.எஸ்.டி.க்கு மாற்றலாம்.

சில லேப்டாப்களில் ரேமைக் கூட்ட முடியாது. அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கேட்டால், தேவையானதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். புது கம்ப்யூட்டர் செலவு மிச்சம்!