ஒட்டுப்போர்வைக்கு ஓர் அகன்ற இஸ்திரிப் பலகை

பிழைப்பை முன்னிட்டுப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் குடியேறிய நம்மவர் வீடுகளில், பாலராமபுரத்துக் கைத்தறி நேரியது நைந்தாலும் அதனை எறிய மனம் வருவதில்லை. (பாலராமவர்ம மகாராஜா ஆண்ட 1798 முதல் 1810 வரையிலான காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து தருவிக்கப்பட்ட சாலியரே அத்தறிகளை அங்கு நாட்டினர். அவர்களும் நம்மைப்போல் குடிபெயர்ந்தவர்களே!)

சென்ற ஆண்டு என் இல்லாள், மறைந்த தன் தாயார் உடுத்திய ஐந்து நேரியதுகளைத் துண்டுகளாக்கி ஒட்டுப்போர்வை தைக்கத் தொடங்கினாள். தையல் ஒவ்வொன்றையும் இஸ்திரியிட்டுப் படியவைத்தால்தான் துண்டுகள் கோணாமல் பொருந்தும். எங்கள் வாடகை வீட்டிலோ மேசை ஒன்றே. அதன்மேல் நுரை ரப்பரைப் போட்டு, நைலான் துணியை விரித்துக் கொடுத்த அறிவாளி அடியேன்தான். பெட்டியை வைத்த சற்றைக்கெல்லாம் விரிப்பு உருகி, நேரியதில் ஒட்டிக்கொண்டது. அவள் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பருத்திக்குரிய சூடு ஏறத்தாழ 200 பாகை செண்டிகிரேட். நைலான் அதற்கு முன்னரே இளகிவிடும். கம்பளியும் பருத்தியும் உருகுவதில்லை. பெட்டியை மறந்து வைத்தால் கருகும். ஆகவே மேற்பரப்பு முழுதும் இவ்விரண்டாலேயே அமைதல் வேண்டும்.

கடைப்பலகை சட்டைக்கென்று குறுகி, நுனி கூர்ந்திருப்பது, போர்வைக்கு ஆகாது. 4 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்ட 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஆசாரியிடம் அறுத்து வாங்கினேன். சாதாரண வகையின் பசை நீராவியில் விட்டுப்போகுமாதலால், 'பி.டபிள்யூ.ஆர்.' என முத்திரையிட்டதையே கேட்டு வாங்குக. அதன்மேல் பழங்கம்பளி இரண்டு மடிப்பு. அதற்குமேல் தடித்த பருத்தித்துணி. முன்னரே நனைத்துச் சுருங்கவைத்தது. துணியைப் பலகையின் அடிப்புறம் மடக்கி, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் முதலில் ஆணி அடித்து, பின்னர் மூலைகளை நோக்கி இழுத்து அடிக்கவேண்டும். மூலையிலிருந்து தொடங்கிய என் முதல் முயற்சி சுருக்கம் விழுந்து வீணாயிற்று. மெத்தைபோல் தடிப்பாகவும் வேண்டாம். பரப்பு அமுங்கினால் தையல் படியாது.

பெட்டியை இழுத்துத் தேய்க்கலாகாது, துண்டு நீண்டுவிடும். தூக்கித் தூக்கி வைத்து அழுத்துக. கசவுக்கரையின்மேல் மெல்லிய பருத்தித்துணியை இட்டு, சூட்டையும் குறைத்துக்கொள்க. இக்காலச் சரிகை பலவற்றில் பிளாஸ்டிக் இழை உண்டு. சிரட்டைக்கரிப் பெட்டி உள்ளோர் அருகில் ஒரு செங்கல்லை வைத்து, பெட்டியை அதன்மேலேயே இறக்குக.

உருகிய நேரியதை விலக்கி, நான்கைக்கொண்டே போர்வை முடிந்தது; அகலம் ஒரு சாண் குறைவு. பலகை கதவுக்குப் பின்னே சாய்ந்து நிற்கிறது. அடுத்த வீட்டு அக்காள் அடிக்கடி கேட்டு வாங்கிப் போகிறார்.