கேள்வியில் ஒரு சொல் மாறினால்...

பானையில் சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். எல்லாப் பருக்கைகளையும் யாராவது நசுக்கிப் பார்ப்பார்களா? ஒரு பருக்கை போதும் என்கிறது நம் பழமொழி. ஆனால், விறகடுப்பில் பெரிய பானை ஏற்றிச் சமைப்பவரைக் கேட்டுப் பாருங்கள். "முதலில் அடிவரை கரண்டியை விட்டுக் கிளறு, பிறகு பருக்கையை எடு" என்பார்.

மக்களின் கருத்தைக் கணிப்பதும் இப்படித்தான். கோடிக்கணக்கானவர்கள் வாழும் நாட்டில் சுமார் ஆயிரம் பேரைக் கேட்டால் போதும். ஆனால் அந்த ஆயிரம் பேரும் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும், அதுதான் கிளறுவது. அப்படிச் செய்தால், 20 தடவையில் 19 தடவை விடை உண்மையிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகாது. நாடு பத்து மடங்கு பெரிதானாலும் அதே ஆயிரம் போதும்! ஆனால் பிழையைப் பாதியாகக் குறைக்க நாலாயிரம் பேரைக் கேட்டாக வேண்டும்.

சரி, ஆட்களை ஒழுங்காகப் பொறுக்கிவிட்டோம். வேலை முடிந்ததா? இல்லை. அவர்களிடம் என்ன சொற்களில் கேட்பது?

முதலில் ஒரு நல்ல கேள்வியைப் பார்ப்போம். கனடா நாட்டில் மனிடோபா என்று ஒரு மாகாணம். அங்கே 1971-ல், 65 வயதும் அதற்கு மேலும் ஆன மூவாயிரத்துக்கு மேற்பட்ட முதியவர்களிடம் இப்படிக் கேட்டார்கள்: "உங்கள் வயதுக்கு உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம் - இவற்றில் எது?" அவ்வளவுதான். ரத்தம் எடுக்கவில்லை, ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை. பிறகு 1977 வரை அவர்களில் யார் யார் இறந்தார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். மாஸி, ஷாப்பிரோ என்ற இரு ஆய்வாளர்கள் 1982-ல் முடிவை வெளியிட்டனர். "மோசம்" என்று சொன்னவர்களுக்கு மரண அபாயம், "மிக நன்று" என்றவர்களைவிட ஏறக்குறைய 3 மடங்கு! வயதையும், மருத்துவப் பதிவேடுகளில் இருந்த நோய்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை.

ஏன் அப்படி? படி ஏறும்போது மூச்சு வாங்குவது, ராத்திரி தூக்கம் கெடுவது, முன்போல் சாப்பிட முடியாதது எல்லாம் அவரவருக்குத்தான் தெரியும். இவை எல்லாவற்றையும் மனத்துக்குள் கூட்டி, அவர் ஒரே சொல்லில் விடை சொல்கிறார் போலும். (ஒன்றைக் கவனியுங்கள். காப்பகங்களில் தங்கியிருந்த முதியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.)

இனி, தடுமாறும் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வு நிலையம் 1972 முதல் பொதுச் சமூக ஆய்வு ஒன்றை நடத்திவருகிறது. அரசு எந்தெந்தக் காரியத்துக்குச் செலவிடும் பணம் போதாது, எதற்கு அதிகம் என்று அதில் கேட்பார்கள். 1984-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினரிடம் "வெல்ஃபேர்" செலவு பற்றிக் கேட்டார்கள். இன்னொரு பகுதியினரிடம் "ஏழைகளுக்கு உதவி" பற்றிக் கேட்டார்கள்.

"வெல்ஃபேர்" என்றாலும் அங்கே ஏழைகளுக்கு அரசு தரும் உதவிதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும், உழைக்காமல் ஊரார் வரிப்பணத்தில் வாழும் யாரோ ஒருவர்தான் பல அமெரிக்கர்களின் நினைவுக்கு வருகிறார். விடை என்ன ஆயிற்று தெரியுமா? "வெல்ஃபேர்" செலவு போதாது என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 25 பேர். "ஏழைகளுக்கு உதவி" போதாது என்றவர்கள் 60 பேருக்கும் மேல்! ஒரே நாடு, ஒரே ஆண்டு, குலுக்கிப் பிரித்த மக்கள். சட்டம் செய்பவர் ஒருவரின் மேசைக்கு முதல் எண் மட்டும் போனால், உதவியை வெட்டலாம் என்று நினைப்பார். இரண்டாவது மட்டும் போனால், கூட்டலாம் என்று நினைப்பார். வெட்டினாலும் கூட்டினாலும் அனுபவிக்கப்போவது ஏழை வீட்டுக் குழந்தைகள். அவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை.

முதியவர்களின் கதை இன்னும் வேடிக்கையானது. 1935-ல் வந்த சட்டப்படி அமெரிக்க முதியவர்களுக்கு அரசு ஓய்வூதியம் கிடைக்கிறது. 1965-ல் வந்த சட்டப்படி, 65 வயதானவர்களுக்கு "மெடிகேர்" என்ற மருத்துவக் காப்பீடு உண்டு. 2008-ல் சூசன் மெட்லர் என்ற பேராசிரியரின் ஆய்வில், "அரசின் சமூகத் திட்டம் எதையாவது எப்போதாவது பயன்படுத்தியதுண்டா?" என்று கேட்டார்கள். பிறகு திட்டங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, இது உண்டா, அது உண்டா என்று கேட்டார்கள். அரசு ஓய்வூதியம் வாங்கியவர்களில் நூற்றுக்கு 44 பேரும், மெடிகேர் பெற்றவர்களில் 40 பேரும் முதல் கேள்விக்கு "இல்லை" என்றிருந்தார்கள்!

இவர்கள் பொய் சொன்னார்களா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. வேலை செய்த காலமெல்லாம் சம்பளத்தில் பிடித்த பணம் திரும்பி வருகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். "அரசின் திட்டம்" என்றால் அது வேறு யாருக்கோ தருவது. கேள்வி கேட்டவர் ஒன்றை நினைத்தார், காதில் விழுந்தது வேறொன்று.

பெயர் செய்யும் வேலைக்கு இன்னொரு உதாரணம். 2010-ல் அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் ஒன்று வந்தது. 2013-ல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் சிலரிடம் அதன் செல்லப்பெயரான "ஒபாமாகேர்" என்று சொல்லிக் கேட்டது. எதிர்த்தவர்கள் 46 சதவீதம். வேறு சிலரிடம் சட்டத்தின் உண்மைப் பெயரைச் சொன்னபோது எதிர்ப்பு 37 சதவீதம். ஆனால் ஆதரவும் 29-லிருந்து 22-க்கு இறங்கிவிட்டது! உண்மைப் பெயரைக் கேட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கு அது என்னவென்றே தெரியவில்லை.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு சீட்டுகள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றில் "முதியவர்களுக்கு இலவசங்கள் கொடுக்க அரசு இன்னும் அதிகம் செலவிட வேண்டுமா?" இன்னொன்றில் "முதியவர்களுக்கு உதவ அரசு இன்னும் அதிகம் செலவிட வேண்டுமா?" தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் முதல் சீட்டு, பூ விழுந்தால் இரண்டாவது. இந்த வீட்டுக்காரர் எப்படிச் சொல்வார் என்று ஊகித்து நீங்களாகச் சீட்டை மாற்றக் கூடாது! கேள்வியை எழுதியபடியே, ஒரே குரலில் படியுங்கள். 40 வீடாவது கேட்டபின் விடைகளை எண்ணுங்கள். காது மந்தமான பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தால், உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பாட்டியின் அருகில் உட்கார்ந்து, உரக்க, நிதானமாக அவரையே கேளுங்கள்.