எந்த விசிலுக்கு என்ன அர்த்தம்? குற்றால அருவியில் குழப்பம்!

இலஞ்சி–

ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும். இரண்டு விசில் அடித்தால் கிளம்பும். இலஞ்சி பஸ் நிறுத்தத்தில் நிற்கும் சின்னப் பையனுக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும். கண்டக்டர் "ரைட்" என்று கத்த வேண்டியதே இல்லை.

அதே ஆள் குற்றாலத்தில் போய் இறங்கி, துண்டைக் கட்டிக்கொண்டு அருவிக்குள் தலையைக் கொடுத்துவிட்டால் போதும், விசில் காதில் ஏறாது!

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சீசன் நாளில் கூட்டம் அலைமோதும். "போதும், வெளியே வாங்க, அடுத்த ஆளுக்கு இடம் விடுங்க" என்பதற்கும் போலீசார் விசில்தான் ஊதுகிறார்கள். பெண்கள் பக்கம் நழுவும் ஆசாமியை விரட்டவும் விசில்தான். வெள்ளம் வந்தாலும் விசில்தான்! "இன்னும் ரெண்டே நிமிஷம் சார்" என்று கெஞ்சுகிறவருக்கு எது எந்த விசில் என்று எப்படித் தெரியும்?

மாணவன் பலி

கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியுமாக விழுந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று அர்த்தம். மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் பாய்ந்தால் குளிக்கத் தடை.

2024 மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, பிணமாக மீட்கப்பட்டான்.

பட்டாணி இல்லாத விசில்

அருவி இரைச்சலில் மனிதக் குரல் எடுபடாது. விசிலின் கீச்சுச் சத்தம்தான் அதைக் கிழித்துக்கொண்டு வரும். லண்டன் போலீசார் முன்பு மரக் கிலுகிலுப்பையைச் சுற்றித்தான் ஆள் கூப்பிட்டார்கள். 1880-களில் பர்மிங்காம் ஜோசப் ஹட்சன் செய்த விசில் வந்ததும் கிலுகிலுப்பை மூலைக்குப் போனது.

உள்ளே பட்டாணி போல உருண்டை உருளும் விசிலில் ஒரு தொல்லை உண்டு. நனைந்தால் உருண்டை சிக்கிக்கொள்ளும். இப்படி ஏமாந்துபோன கனடா கூடைப்பந்து நடுவர் ரான் பாக்ஸ்கிராப்ட், உருண்டையே இல்லாத விசிலை 1987-ல் கொண்டுவந்தார். சாரலில் நனைந்தபடி நிற்கும் நம்மூர் போலீசாருக்கு ஏற்ற சரக்கு இதுதான்.

கூடவே பஸ் மாதிரி அருவிக்கும் ஒரு கணக்கு வைத்தால் என்ன? முறை முடிந்தால் ஒரே ஒரு விசில். வெள்ளம் என்றால் நிறுத்தாமல் விசில். துணி மாற்றும் இடத்தில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு. செலவு ஒரு டப்பா பெயிண்டுதான்.